பாடத்திட்டமும் படிமுறையும்

பள்ளியில் எதைக் கற்பிக்க வேண்டும் என்பது பற்றி நம் நாட்டில் ஓயாத சொற்போர் நடைபெற்று வருகிறது. எந்தப் புலவரின் பாடல் இடம்பெற வேண்டும், எந்தத் தலைவரின் வரலாறு விடுபட்டது, எந்தப் பாடத்தின் சுமை மிகுந்தது என்று ஏடுகள் எழுதுகின்றன, மேடைகள் முழங்குகின்றன. ஆயின் எதற்குப் பின் எதைக் கற்பிக்க வேண்டும் என்னும் வினா அந்த அளவு கவனம் பெறுவதில்லை. பாடநூல் எழுதுவோரும், வகுப்பில் நின்று கற்பிப்போரும், பள்ளிகளை நடத்தும் பெரியோரும் ஒருங்கே எண்ணிப் பார்க்க வேண்டிய வினா அது. அதனை இம்மலரின் வழியே ஆராய முற்படுகிறோம்.

பாடத்திட்டம் என்பது பாடங்களின் பட்டியல் அன்று. பட்டியலில் உள்ளவற்றை முன்பின்னாக மாற்றி எழுதினாலும் பட்டியல் பட்டியலாகவே இருக்கும். பாடத்திட்டமோ ஏணி போன்றது. ஏணியின் இடையே ஒரு படியை உருவிவிட்டால் ஏறுவோனின் கால் வெற்றிடத்தில் படும். கால் நீண்டவன் அந்த இடைவெளியைத் தாண்டிச் சென்றுவிடுவான், குறுங்காலன் விழுவான். பள்ளியைப் பொறுத்தவரை அந்த நீண்ட கால் எது? பெற்றோரின் படிப்பு, வீட்டில் உள்ள நூல்கள், மாலை நேரத் தனிப்பயிற்சி ஆகியவையே. இவை வாய்த்த குழந்தைக்கு விடுபட்ட படியை வீடே கட்டிக் கொடுத்துவிடுகிறது. தன் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளி வாயிலை மிதித்த குழந்தைக்கு அவ்வாறு கட்டிக் கொடுப்பார் எவருமில்லை. எனவே பாடங்களை வரிசைப்படுத்துதல் கல்வியியலாரின் நுட்பச் செய்தி என்று ஒதுக்கத்தக்கதன்று. அது நீதியைச் சார்ந்தது. இதுவே இக்கட்டுரையின் மையக் கருத்து.

நூல் வரிசையும் கற்கும் வரிசையும்

ஒரு பொருளுக்கு அதற்கே உரிய வரிசை ஒன்று உண்டு. அதைக் கற்போனுக்குப் பொருந்தும் வரிசையும் ஒன்று உண்டு. இவ்விரண்டும் எப்போதும் ஒன்றாக அமைவதில்லை.

தமிழ் நெடுங்கணக்கு ஒலியின் இயல்பு பற்றி அமைந்தது. உயிரெழுத்துகளில் குறிலும் நெடிலும் இணைந்து நிற்கின்றன. மெய்யெழுத்துகளில் வல்லினமும் அதன் இனமாகிய மெல்லினமும் க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம என்று அடுத்தடுத்து நிற்கின்றன. அடிநாவில் பிறக்கும் ஒலி முதலில் வர, இதழில் பிறக்கும் ஒலி இவ்வரிசையின் இறுதியில் வருகிறது. சிறப்பும் இனமும் பற்றி எழுத்துகள் முறைப்பட்டன என்று நன்னூலார் இதற்குக் காரணம் கூறுவார். மொழியியல் அறிந்தோர் வியக்கும் ஒழுங்கு இது. ஆயினும் எழுதுகோலைப் பிடிக்க அப்போதுதான் பழகும் ஐந்து வயதுக் குழந்தையின் கைக்கு 'அ' என்னும் எழுத்தின் சுழியும் வளைவும் எளியவை அல்ல; 'இ' அதனினும் கடினம். 'ட' இரண்டு கோடுகளில் முடிகிறது; 'ப' மூன்று கோடுகளில் முடிகிறது. ட, ப, ம என்னும் மூன்றையும் புள்ளியையும் அறிந்த குழந்தை படம், மடம், பட்டம், மட்டம் என்று முழுச் சொற்களையே படித்துவிடுகிறது. எழுதுவதும் எளிது, படித்ததற்குப் பொருளும் உண்டு. இதனால் நெடுங்கணக்கின் பெருமை குன்றிவிடவில்லை. எழுத்துகளை அறிந்த பின் குழந்தை அந்த ஒழுங்கைக் கற்கலாம். அகராதி பார்க்கும் வயதில் அது இன்றியமையாததும் ஆகும்.

அரபு எழுத்துகளின் வரலாறும் இதனை விளக்கும். பழைய 'அப்ஜத்' வரிசை செமித்திய மொழிகளின் தொன்மை வழி வந்தது. எழுத்துகளுக்கு எண் மதிப்புத் தருகையில் அவ்வரிசை இன்றும் பயன்படுகிறது. கற்பித்தலில் வழங்கும் அலிஃப், பே, தே, ஸே என்னும் வரிசையோ, வடிவம் ஒன்றாகிப் புள்ளியால் மட்டும் வேறுபடும் எழுத்துகளை அருகருகே நிறுத்துவது. நம் மக்தபுகளில் சிறுவர்கள் எழுத்தறிந்து, ஸபர், ஸேர், பேஷ் என்னும் குறிகளோடு எழுத்துக் கூட்டப் பழகிய பின், திருக்குர்ஆனின் முதற் பாகத்திலிருந்து தொடங்குவதில்லை. முப்பதாம் பாகமாகிய 'அம்ம ஜுஸ்வு'வையே முதலில் ஓதுகின்றனர். 78 முதல் 114 வரையிலான 37 அத்தியாயங்கள் கொண்ட அப்பாகத்தில் பெரும்பாலானவை சிறியவை. தொழுகையில் அடிக்கடி செவியில் விழுபவை. இரண்டாம் அத்தியாயமோ 286 வசனங்கள் கொண்டது. நூலின் வரிசை நூலுக்கு உரியது. கற்கும் வரிசை சிறுவனுக்கு உரியது. இந்த வேறுபாட்டை நம் முன்னோர் பெயர் சூட்டாமலே உணர்ந்திருந்தனர்.

முன்னோர் கண்ட படிமுறை

திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதி எழுத்தறிந்த பின் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி என்று பாடம் ஏறும். இவ்வரிசை அறநூல்களை அடுக்கி வைத்தது போலத் தோன்றினும் அதன் உள்ளே ஓர் அளவுமுறை இருக்கிறது. ஆத்திசூடியின் ஒவ்வோர் அறிவுரையும் இரண்டு மூன்று சொற்களில் அடங்கும். அகர வரிசையில் அமைந்ததால் எழுத்துப் பயிற்சியும் அதனுள் அடங்கும். கொன்றைவேந்தனும் அகர வரிசையே. ஆனால் அடி நீள்கிறது. மூதுரைக்கு வரும்போது நான்கடி வெண்பாவும் உவமையும் சேர்கின்றன. சொல்லிலிருந்து அடிக்கும், அடியிலிருந்து பாட்டுக்கும் நினைவாற்றல் படிப்படியாக வளர்க்கப்பட்டது. பின்னரே நிகண்டும் நன்னூலும் வந்தன. ஒவ்வொரு மாணவனும் தன் வேகத்தில் சென்றான். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோரைக் கவனித்தான்.

இம்முறையின் குறைகளையும் மறைத்தல் ஆகாது. மனப்பாடம் முன்னும் பொருள் மிகப் பின்னும் வந்தன. பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் அத்திண்ணை பெரும்பாலும் எட்டாத உயரத்திலேயே இருந்தது. எனினும் அளவறிந்து ஏற்றும் அதன் முறை இன்றும் கற்கத்தக்கது.

இத்துறையில் மறவாமல் குறிப்பிட வேண்டிய பேரறிஞர் இப்னு கல்தூன். தூனிஸ் நகரில் 1332இல் பிறந்து கெய்ரோவில் 1406இல் மறைந்த அவர், 1377இல் எழுதிய 'முகத்திமா'வில் கற்பித்தல் முறைக்கென்றே தனிப்பகுதி வகுத்தார். கல்வி சிறிது சிறிதாக, படிப்படியாகத் தரப்பட வேண்டும் என்பது அவர் துணிபு. ஒரு துறையை மூன்று முறை சுற்றி வர வேண்டும் என்றார். முதற் சுற்றில் அத்துறையின் அடிப்படைகளைச் சுருக்கமாகத் தர வேண்டும். இரண்டாம் சுற்றில் விளக்கங்களோடும் கருத்து வேறுபாடுகளோடும் விரித்துரைக்க வேண்டும். மூன்றாம் சுற்றில் சிக்கலானது எதுவும் விளங்காமல் எஞ்சாதவாறு முடிக்க வேண்டும். தொடக்க மாணவன் முன் கடினமான சிக்கல்களை வைக்கும் ஆசிரியர்களை அவர் கடிந்துரைத்தார். அவ்வாறு செய்தால் மாணவன் சோர்ந்து, கல்வியே கடினம் என்று எண்ணி அதனைக் கைவிட்டுவிடுவான் என்பது அவர் காட்டிய காரணம்.

இருபதாம் நூற்றாண்டுக் கல்வியியலும் இதே இடத்திற்கு வந்து சேர்ந்தது. அமெரிக்கக் கல்வியியலாளர் ரால்ப் டைலர் 1949இல் வெளியிட்ட நூலில் தொடர்ச்சி, வரிசை, ஒருங்கிணைப்பு என்னும் மூன்று அளவுகோல்களைத் தந்தார். ஒன்றை மீண்டும் மீண்டும் பயிலத் தருவது தொடர்ச்சி. மீண்டும் தரும்போது முன்னதைவிட அகலமும் ஆழமும் கூடுவது வரிசை. ஒரு பாடம் பிற பாடங்களோடு இசைந்து செல்வது ஒருங்கிணைப்பு. 1960இல் ஜெரோம் புரூனர் 'சுருள்முறைப் பாடத்திட்டம்' என்னும் கருத்தை முன்வைத்தார். ஒரே அடிப்படைக் கருத்துக்கு வகுப்புதோறும் திரும்பி வந்து, ஒவ்வொரு முறையும் உயர்ந்த நிலையில் அதனைக் காணச் செய்வது இம்முறை. இப்னு கல்தூனின் மூன்று சுற்றுகளுக்கும் புரூனரின் சுருளுக்கும் இடையே ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகள் உள்ளன. அடிப்படை உண்மை ஒன்றே.

ஓர் எடுத்துக்காட்டு: வல்லினம் மிகுதல்

கருத்தளவில் இதனை ஏற்பது எளிது. ஒரு பாடத்தை எடுத்து வகுப்பு வகுப்பாகப் பிரித்துப் பார்த்தால்தான் இதன் பயன் புலப்படும். கல்லூரியின் முதலாண்டில் பகுதி ஒன்று தமிழ் கற்பிக்கும் நாம் ஆண்டுதோறும் காணும் குறை ஒன்று உண்டு. பன்னிரண்டு ஆண்டுகள் தமிழ் பயின்று வரும் மாணவர் பலர், ஒற்று மிகும் இடம் எது, மிகா இடம் எது என்று அறியாமல் திகைக்கின்றனர். விதிகளை அவர்கள் படிக்காமலில்லை. தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துவிட்டனர். காரணம் அவர்களின் சோம்பல் அன்று. விதி வந்த காலத்தில் அதைத் தாங்கும் அடித்தளம் இல்லை.

'அந்தப் பையன்' என்பதில் ஒற்று மிகுகிறது. 'வந்த பையன்' என்பதில் மிகவில்லை. இரண்டும் 'ந்த' என்றே முடிகின்றன. முன்னது சுட்டு, பின்னது பெயரெச்சம் என்று அறியாத மாணவனுக்கு இவ்விதி தலையெழுத்தைப் போலத்தான் தோன்றும். 'படித்துக் கொடுத்தான்' என்பதில் மிகும். 'வந்து கொடுத்தான்' என்பதில் மிகாது. வன்றொடர்க் குற்றியலுகரம், மென்றொடர்க் குற்றியலுகரம் என்னும் பாகுபாடு தெரியாமல் இதனை எவ்வாறு விளக்க முடியும்? 'ஓடாத குதிரை', 'ஓடாக் குதிரை' என்னும் இரண்டின் வேற்றுமை அறிய, எதிர்மறைப் பெயரெச்சமும் அதன் ஈறு கெடுதலும் முன்னரே தெரிந்திருக்க வேண்டும். முன்தேவைகளைத் தராமல் விதிகளை ஒரே பாடத்தில் இருபது முப்பது என்று அடுக்கினால் அவை நெல் விதைக்காத வயலில் நட்ட வேலி போல் நிற்கும்.

இதனைப் படிமுறைப்படி அமைத்தால் எவ்வாறு இருக்கும்? நம் கருத்தில் தோன்றும் ஓர் அமைப்பைக் கீழே தருகிறோம்.

மூன்றாம் வகுப்பில் விதி எதுவும் வேண்டா. அந்தப் பையன், இந்தப் பெண், எந்தப் பள்ளி என்று வாய்விட்டுப் படிக்கவும் பார்த்து எழுதவும் செய்தால் போதும். செவி பழக வேண்டும். நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் நூலைப் படித்தான், பள்ளிக்குச் சென்றான் போன்ற தொடர்களைச் சொல்வதெழுதுதல் பயிற்சியில் மிகுதியாகத் தர வேண்டும். ஆறாம் வகுப்பில் எழுத்தின் இனங்களையும் சுட்டையும் வினாவையும் கற்பித்து, மாணவன் ஏற்கெனவே எழுதிப் பழகியதற்கு முதல் விதியைத் தர வேண்டும். ஏழாம் வகுப்பில் வேற்றுமை உருபுகளும் குற்றியலுகரமும் வரலாம். அப்போது 'வேலை கொடுத்தான்' என்றால் பணி கொடுத்தான் என்றும், 'வேலைக் கொடுத்தான்' என்றால் கையிலிருந்த வேலாயுதத்தைக் கொடுத்தான் என்றும் பொருள் மாறுவதைக் காட்டலாம். ஓர் ஒற்று பொருளையே மாற்றுவதைக் கண்ட மாணவன் அதன் பின் அதனை அற்பமாக எண்ண மாட்டான். எட்டாம் வகுப்பில் எச்சங்கள். 'அந்த', 'வந்த' என்னும் புதிர் இங்கே விடுபடும். ஒன்பதாம் வகுப்பில் தொகைநிலைத் தொடர்கள்; சுடுசோறு என்னும் வினைத்தொகையில் மிகாததும் வெள்ளைத்தாமரை என்னும் பண்புத்தொகையில் மிகுவதும் காரணத்தோடு விளங்கும். பத்தாம் வகுப்பில் புதிய விதி வேண்டா. அறிந்தவற்றைத் தொகுத்து, தம் கட்டுரையைத் தாமே திருத்தும் பயிற்சி போதும்.

இவ்வமைப்பில் ஒரே செய்தி எட்டு ஆண்டுகள் திரும்பித் திரும்பி வருகிறது. ஆயினும் ஒரு முறையேனும் மாணவன் தனக்குத் தெரியாத சொல்லால் தனக்குத் தெரியாத பொருளை விளக்கும் நிலைக்கு ஆளாவதில்லை. பழக்கம் முதலில், பெயர் அடுத்து, விதி அதன் பின், பயன்பாடு இறுதியில் என்பதே இதன் சுருக்கம்.

எல்லாப் பாடங்களுக்கும் இத்துணை இறுக்கமான வரிசை வேண்டும் என்பது நம் கருத்தன்று. கணக்கும் இலக்கணமும் ஒன்றன்மேல் ஒன்று நிற்பவை. அங்கே வரிசை தவறினால் கட்டடம் சரியும். கதைக்கும் பாட்டுக்கும் அந்தக் கட்டு இல்லை. முழுப்பொருளும் விளங்காத வயதிலேயே ஒரு நல்ல பாட்டு நெஞ்சில் தங்கிவிடும். பொருள் பின்னர் வந்து சேரும். எங்கே இறுக்க வேண்டும், எங்கே நெகிழ்த்த வேண்டும் என்று அறிவதும் பாடத்திட்டக் கலையின் ஒரு பகுதியே.

பாடங்களுக்கிடையே இசைவு

வரிசை என்பது ஒரு பாடத்தின் உள்ளே மட்டும் நிற்பதில்லை. பாடங்களுக்கு இடையிலும் அது வேண்டும். நில வரைபடத்தில் 1:50,000 என்னும் அளவு, வரைபடத்தின் ஒரு சென்டிமீட்டர் நிலத்தில் 500 மீட்டரைக் குறிக்கும் என்பதைக் காட்டுகிறது. விகிதம் இன்னதென்று கணக்கு வகுப்பில் அறியாத மாணவனுக்குச் சமூக அறிவியல் ஆசிரியர் இதனை எவ்வளவு விளக்கினாலும் விளங்காது. இரு ஆசிரியர்களும் கலந்து பேசியிருந்தால் ஒரு மாத முன்பின் மாற்றத்தில் தீரும் குறை இது.

பின்னமும் விழுக்காடும் அத்தகையவையே. முந்திரி 1/320, காணி 1/80, மா 1/20 என்று பின்னங்களைப் பெயரிட்டு வழங்கிய மரபு நம்முடையது. பின்னம் நன்கு பதிந்த பின் விழுக்காடு வந்தால், நூற்றுக்கு இரண்டரை என்னும் ஜகாத் அளவு நாற்பதில் ஒரு பங்குதான் என்று ஏழாம் வகுப்பு மாணவனே சொல்லிவிடுவான். ஓர் இலட்சத்துக்கு 2,500 என்று மனக்கணக்காகவும் கூறுவான். பின்னம் பதியாமல் விழுக்காடு வந்தால் அது வெறும் சூத்திரமாகிவிடும்.

படி தவறும் இடங்கள்

நல்ல பாடத்திட்டம் எழுதப்பட்ட பின்னரும் மூன்று இடங்களில் படி தவறிவிடுகிறது.

முதலாவது, மாற்றக் காலம். தமிழ்நாட்டில் 2018-19ஆம் கல்வியாண்டில் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் நடைமுறைக்கு வந்தன. நூல்கள் தரமானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வாண்டு ஒன்பதாம் வகுப்பில் அமர்ந்த மாணவன் எட்டாம் வகுப்பு வரை பழைய நூல்களைப் படித்தவன். புதிய நூல் எதிர்பார்க்கும் முன்னறிவை அவன் வேறெங்கும் பெற்றிருக்க வழியில்லை. பாடத்திட்டம் மாறும்போதெல்லாம் இத்தகைய தலைமுறை ஒன்று இடையில் நிற்கிறது. அதற்கென இணைப்புப் பாடம் அமைப்பது திட்டத்தின் பகுதியாகவே இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, எதிர்பாரா இடையூறு. கொரோனாத் தொற்றால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. ஒன்றாம் வகுப்பின் இறுதியில் வீடு சென்ற குழந்தை மூன்றாம் வகுப்பு மாணவனாகத் திரும்பி வந்தது. வயது ஏறியிருந்தது, படிகள் ஏறியிருக்கவில்லை. 2022இல் தொடங்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டம், ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைக்கேற்பப் பிரித்தது. எந்த வகுப்பில் இருக்கிறாய் என்று கேளாமல், எந்தப் படியில் நிற்கிறாய் என்று கேட்ட முயற்சி அது.

மூன்றாவது, நாமே விரும்பிச் செய்வது. ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தையும் பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையும் தொடங்கிவிடும் வழக்கம் பல பள்ளிகளில் வேரூன்றியிருந்தது. அதனைத் தடுக்கவே 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025இல் அத்தேர்வு நீக்கப்பட்டது. படி தாண்டும் ஆசை நீங்கியதாகக் கூற இயலவில்லை. தாண்டிச் சென்ற மாணவன் மதிப்பெண் பெறலாம். பொறியியல் கல்லூரியின் முதல் பருவத்தில், பதினொன்றாம் வகுப்பில் அறிந்திருக்க வேண்டிய கணக்கு அவனை எதிர்கொள்ளும்போது அவன் தனியே நிற்பான்.

செய்யத்தக்கவை

பாடத்திட்டத்தை வகுப்பது அரசின் வேலை என்று நாம் வாளா இருத்தல் ஆகாது. ஒவ்வொரு பள்ளியும் தன் எல்லைக்குள் செய்யக்கூடியவை பல உள்ளன.

1. முடிவிலிருந்து தொடங்க வேண்டும். பத்தாம் வகுப்பை முடிக்கும் மாணவன் என்ன செய்ய வல்லவனாக இருக்க வேண்டும் என்று முதலில் எழுதி, அதிலிருந்து ஒவ்வொரு வகுப்பாகக் கீழிறங்கி வருதல் நன்று.

2. ஒவ்வொரு பாடத்தின் தலைப்பிலும், 'இப்பாடத்திற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை' என்று இரண்டு வரி எழுதிக்கொள்ள வேண்டும். எழுத முற்படும்போதே விடுபட்ட படி கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

3. ஐந்தாம் வகுப்பு ஆசிரியரும் ஆறாம் வகுப்பு ஆசிரியரும், எட்டாம் வகுப்பு ஆசிரியரும் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் சந்திக்க வேண்டும். மாணவன் பள்ளி மாறும் எல்லைகள் இவையே. மிகுதியான படிகள் தவறுவதும் இவ்வெல்லைகளில்தான்.

4. கல்வியாண்டின் முதல் இரு வாரங்களை, மதிப்பெண் இல்லாத எளிய சோதனையால் மாணவன் நிற்கும் படியை அறியவும், குறையை நிரப்பவும் ஒதுக்க வேண்டும். இரு வாரம் வீணாயிற்று என்று எண்ண வேண்டா. எஞ்சிய மாதங்கள் பயன்பட அதுவே வழி.

5. முடிந்த பாடம் முடிந்தது என்று விடாமல், ஒவ்வொரு பருவத்திலும் முந்தைய பருவத்தின் அடிப்படைகளுக்குத் திரும்பி வர வேண்டும்.

நிறைவாக

பள்ளிகளை நிறுவி நடத்தும் சமுதாயப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். மழலையர் வகுப்புக் குழந்தையின் பையில் எத்தனைத் தடித்த நூல் இருக்கிறது என்று பார்த்து ஒரு பள்ளியின் உயர்வை அளக்க வேண்டா. ஆறாம் வகுப்பில் வாசிக்கத் தடுமாறும் மாணவனுக்கு அப்பள்ளி என்ன செய்கிறது என்று கேளுங்கள். அதற்கு விடை சொல்ல முடிந்த பள்ளியே நல்ல பள்ளி.

நாளை ஆசிரியப் பயிற்சிக்குச் செல்லவிருக்கும் எம் மாணவச் செல்வங்களுக்கும் ஒரு சொல். உங்கள் வகுப்பில் ஒருவன் விடை தெரியாமல் நிற்கும்போது, அவன் படிக்கவில்லை என்று முடிவு செய்யுமுன், அவனுக்கு எந்தப் படி தரப்படவில்லை என்று பின்னோக்கித் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் அது இரண்டு மூன்று வகுப்புகளுக்குக் கீழே கிடைக்கும். அதனை அவனுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டால் மீதியை அவனே ஏறிவிடுவான். வீட்டில் கை கொடுப்பார் இல்லாத பிள்ளைக்கு ஆசிரியரே அந்தக் கை.